தொள்ளாயிரத்து ஏழுக்குப் பெஞ்சு இல்லை

நிர்வாகக் கட்டிடத்தில் நான்காம் ஜன்னல் என்றாலே மாணவர்கள் கையிலிருக்கும் தாள்களை இன்னொரு தரம் சரிபார்த்துக்கொள்வார்கள். அங்கே உட்கார்ந்திருந்தவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பட்டப்பெயர். மேசை இழுப்பறையில் உண்மையாகவே ஒன்று வைத்திருந்தாள். கைப்பிடி உடைந்து, பிளாஸ்திரி சுற்றியது. மதிப்பெண் பட்டியலை யாராவது நீட்டினால் முதலில் முத்திரையின் ஓரத்தைப் பார்ப்பாள், பிறகு கையெழுத்தின் சுழியை, கடைசியாக நீட்டியவரின் முகத்தை. முகத்துக்குக் கண்ணாடி தேவைப்படவில்லை.

வேறு பல்கலைக்கழகங்களிலிருந்து படிப்பின் நடுவே மாறி வரும் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு, அவர்கள் காலூன்றும் வரை கூடவே இருப்பது அவள் வேலை. அங்கே படித்த பாடம் இங்கே எதற்குச் சமம், விடுதியில் கட்டில் எங்கே, நூலக அட்டைக்கு யார் கையெழுத்து, எல்லாம் அவள் தலையில். முதல் நாள் அவளே அவர்களை நடத்திக் கூட்டிக்கொண்டு போய்க் கட்டிடம் கட்டிடமாகக் காட்டுவாள். அம்புக்குறிப் பலகைகளை அவள் நம்புவதில்லை. அதற்கு நியாயம் உண்டு. நூலகத்துக்கான அம்பு மூன்று வருடமாகக் கழிப்பறையைத்தான் காட்டிக்கொண்டிருந்தது.

இந்தச் சந்தேகம் அவளோடு பிறந்ததல்ல. பத்தொன்பது வயதில், அப்பாவுக்கு வேலை மாற்றலானதால், அவளும் நடுவழியில் இங்கே வந்து சேர்ந்தவள்தான். இதே ஜன்னல். உள்ளே இருந்த ஆள் அவள் தாள்களை அரை நிமிடம் பார்த்தான். இரண்டு பாடங்களின் மேல் கோடு கிழித்தான். அதனால் அவளுக்கு ஒரு வருடம் வீணாயிற்று. "ஏன் சார்?" என்று கேட்டாள். "அப்படித்தாம்மா" என்றான். படித்து முடித்து, தேர்வெழுதி, அதே அலுவலகத்தில் வேலைக்கு வந்ததும் அவள் செய்த முதல் காரியம், பதிவறையில் தன் கோப்பைத் தேடி எடுத்ததுதான். முடிவு என்ற கட்டத்தில் 'நிராகரிக்கப்பட்டது' என்று இருந்தது. பக்கத்தில் காரணம் என்ற கட்டம். அதில் ஒன்றுமே இல்லை. ஒரு மனுஷியின் ஒரு வருடத்தை வாயில் போட்டுக்கொண்டு ஏப்பம்கூட விடாத வெள்ளைக் கட்டம். அன்றிலிருந்து இருபத்திரண்டு வருடமாக, அவள் மேசையைத் தாண்டிப் போன எந்தத் தாளிலும் அந்தக் கட்டம் காலியாக இருந்ததில்லை.

இந்த வருடம் ஒரு கல்லூரி பருவத்தின் நடுவே இழுத்து மூடப்பட்டு, பதினோரு பேர் மொத்தமாக வந்து இறங்கினார்கள். அதில் ஏழு பேர் வேதியியல். 905 முதல் 911 வரை அவர்களுக்கு எண். மாறி வரும் எல்லோருக்கும் தொள்ளாயிரத்தில் தொடங்கும் எண்தான். வளாகத்தில் அவர்களுக்கே அது பெயராகிவிட்டது. "தொள்ளாயிரம் வருது, தள்ளி உட்காரு" என்பார்கள்.

அந்தத் திங்கட்கிழமை காலை, வேதியியல் துறையிலிருந்து ஒரு பட்டியல் வந்தது. ஏழு பேருக்கும் செய்முறை வகுப்பில் வருகை பூஜ்யம். பன்னிரண்டு வகுப்பில் குறைந்தது ஒன்பதுக்கு வந்திருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை கமிட்டி கூடி முடிவெடுக்கும். அடுத்த திங்கள் தேர்வு. தேர்வில் உட்காரவிடாவிட்டால் ஒரு வருடம் வீண். மூடிய கல்லூரி ஏற்கெனவே இவர்களுடைய ஒரு வருடத்தைத் தின்றிருந்தது.

பூதக்கண்ணாடிக்கு ஆச்சரியமாக இல்லை, கோபமாக இருந்தது. 907 மேல் அவளுக்கு முன்பே ஒரு கண். பேசினால் ஒற்றை வார்த்தை, முகத்தில் சிரிப்பும் கிடையாது அழுகையும் கிடையாது. தோளில் எப்போதும் ஆளைச் சாய்க்கும் கனத்தில் ஒரு பை. செய்முறை நேரத்தில் இரண்டு தடவை அந்தப் பெண் சைக்கிள் நிறுத்தும் இடத்துப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்ததை இவளே பதிவறை ஜன்னலிலிருந்து பார்த்திருக்கிறாள். வகுப்புக்கு மட்டம் போட்டுவிட்டு, பையில் எதையோ சுமந்துகொண்டு! கூப்பிட்டு அனுப்பினாள்.

"லேப் நேரத்துல எங்கம்மா இருந்தே?"

"லேப்ல."

"பன்னிரண்டு நாளுமா?"

"ஒன்பது நாள் உள்ளே. மூணு நாள் வெளியே."

"ஷீட்டுல பூஜ்யம்னு இருக்கே?"

"அப்ப ஷீட்டைக் கேளுங்க மேடம்."

பக்கத்து மூன்றாம் ஜன்னல்காரர் 'க்ளுக்' என்று சிரித்தார். பூதக்கண்ணாடிக்குச் சுர்ரென்று ஏறியது. "பையில என்ன இருக்கு?" என்றாள்.

"நோட்டு."

"காட்டு."

"மாட்டேன்" என்றாள் பெண். மரியாதையாகத்தான் சொன்னாள். சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

"என்னக்கா, உங்களுக்கே ஒருத்தி கிடைச்சுட்டா போல" என்றார் மூன்றாம் ஜன்னல்காரர்.

"நீங்க உங்க ஜன்னலைப் பாருங்க."

ஆனால் 'ஷீட்டைக் கேளுங்க' என்ற சொல் காதில் கொசு மாதிரி ரீங்காரமிட்டுக்கொண்டே இருந்தது. அது அவளே சொல்லக்கூடிய சொல் என்பதுதான் தொல்லை. மதியம் பூதக்கண்ணாடியைப் பையில் போட்டுக்கொண்டு வேதியியல் கட்டிடத்துக்குப் போனாள்.

லேப் உதவியாளரைப் பியூரெட் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள்; அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விடும் நீளக் கண்ணாடிக் குழாயின் பெயர் அது. ஆள் நெட்டை, ஒல்லி. வார்த்தை சொட்டுச் சொட்டாகத்தான் விழும். அவர் குடுவைகளைக் கவிழ்த்து வைத்துக்கொண்டிருந்தார்.

"அட்டெண்டன்ஸ் எப்படி எடுக்கறீங்க?"

"பெஞ்சைப் பார்த்து."

"ஆளைப் பார்த்து இல்லையா?"

"எல்லாரும் வெள்ளைக் கோட்டு. கண்ணுல பாதுகாப்புக் கண்ணாடி. யார் முகம் தெரியுது? பெஞ்சு முன்னாடி ஆள் நின்னா டிக்கு."

"பெஞ்சு யார் யாருக்குன்னு எப்படித் தெரியும்?"

"வரிசை எண்தான். ஒண்ணுலேர்ந்து நாப்பத்தெட்டு."

"தொள்ளாயிரத்து ஏழுக்கு எந்தப் பெஞ்சு?"

பியூரெட் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "நாப்பத்தெட்டுக்கு அப்புறம் சுவர்தான்க்கா."

"அப்ப அந்த ஏழு பேரும் எங்க நிப்பாங்க?"

"எவனாவது லீவு போட்டா அவன் பெஞ்சுல. யாரும் லீவு போடலைன்னா வெளியே."

"லீவு போட்டவன் பெஞ்சுல இந்தப் பொண்ணு நின்னா, டிக்கு யாருக்கு விழும்?"

இந்தச் சொட்டு விழக் கொஞ்ச நேரம் ஆயிற்று. "பெஞ்சுக்கு" என்றார்.

பதிவேட்டை வாங்கிப் புரட்டினாள். முப்பத்தொன்றாம் பெஞ்சுக்காரன் கைப்பந்து ஆட்டக்காரன். இந்தப் பருவத்தில் பாதி நாள் வெளியூர்களில் ஆடிக்கொண்டிருந்தான். அவனை வாழ்த்தி அறிவிப்புப் பலகையில் படமே ஒட்டியிருந்தது. அவனுக்குச் செய்முறை வருகை பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு. அமிலத்தை அளந்தவள் ஒருத்தி, கையைச் சுட்டுக்கொண்டவள் ஒருத்தி, வந்ததாகக் கணக்கு வைத்தது எங்கேயோ பந்தைத் தட்டிக்கொண்டிருந்தவனுக்கு. அந்தப் பிள்ளைகள் எத்தனைக்கெத்தனை ஒழுங்காக வந்து உழைத்தார்களோ, அத்தனைக்கத்தனை வராதவர்கள் உத்தமர்கள் ஆனார்கள்.

"இப்படிச் செய்யச் சொல்லி யார் உங்களுக்குச் சொன்னது?" என்றாள். யாரோ காதைக் கடித்திருக்க வேண்டும், விளையாட்டுப் பிள்ளைகளைக் காப்பாற்ற ஒரு கூட்டம் வேலை செய்கிறது என்று அவள் மனது அதற்குள் கதை கட்டிவிட்டது.

"யாரும் சொல்லலை. எண் அப்படி வந்துச்சு" என்றார் பியூரெட். "எண் உங்க ஆபீஸ்லேர்ந்துதானேக்கா வருது?"

அவள் பதிவேட்டை மூடி வைத்துவிட்டுப் படியிறங்கினாள்.

வீட்டில் அவள் கணவன் அடுப்படித் தரையில் உட்கார்ந்து பீன்ஸ் நார் உரித்துக்கொண்டிருந்தான். லிஃப்ட் மெக்கானிக். உலகத்தில் யாரையும் சந்தேகப்படாத மனுஷன். அவன் பங்கையும் சேர்த்து இவள் படுகிறாள் என்று மகள் கேலி செய்வாள்.

"துறைத் தலைவருக்குத் தெரிஞ்சுதான் நடக்குது. இல்லைன்னா அந்த விளையாட்டு வாத்தியார். பியூரெட்டும் ஊமைக் கோட்டான் மாதிரி நடிக்கிறாரோ என்னமோ" என்று அவள் அடுக்கினாள்.

"முதல்ல கையைக் கழுவு. அப்புறம் ஒவ்வொருத்தரா தூக்குல போடலாம்."

"உங்களுக்கு எல்லாம் விளையாட்டு."

"இல்லடி, கேளு. லிஃப்ட் நடுவுல நின்னுடுச்சுன்னு கூப்பிடுவாங்க. ஏறினவன் குதிச்சான், பட்டனைக் குத்தினான்னு அவங்க ஆயிரம் சொல்லுவாங்க. நான் முதல்ல பார்க்கறது என்ன தெரியுமா? போன தடவை நான் எதைத் தொட்டேன்னு. பாதி நாள் கோளாறு அங்கதான் இருக்கும்."

"நான் எதையும் தொடலை" என்றாள் அவள். சற்று வேகமாகவே சொன்னாள்.

அவன் நிமிர்ந்து பார்த்தான். மறுபடி பீன்ஸுக்குத் திரும்பினான். அவள் கையில் எடுத்த தம்ளரை அப்படியே வைத்தாள். தொள்ளாயிரம் வரிசையை யார் தொடங்கினார்கள் என்பது அவளுக்குத் தெரியாமலா? தெரியும். படியிறங்கும்போதே தெரியும். ஆனால் எட்டு வருடம் ஆகிவிட்டதே, தான் வெறும் நகல் எடுத்திருப்போம், எழுதியது வேறு யாராவதாக இருக்கக்கூடாதா என்று ஒரு நப்பாசை. ஊரில் எல்லோரையும் துருவுகிறவளுக்கு, தன் விஷயத்தில் மட்டும் அப்படி ஒரு சலுகை.

செவ்வாய்க்கிழமை பதிவறையில் அந்தக் கோப்பை எடுத்தாள். நப்பாசை அரை நிமிடம்கூட நிற்கவில்லை. அவள் கையெழுத்து, அவள் சுழி. 'மாறி வரும் மாணவர்களுக்கு இனித் தனி வரிசை எண், 901 முதல்.' காரணம் என்ற கட்டத்தைப் பெருமையோடு நிரப்பியிருந்தாள்: 'புதியவர்களை எல்லாத் துறைகளும் உடனே அடையாளம் கண்டு உதவுவதற்காக.' கீழே மேலதிகாரிகளும் துறைத் தலைவர்களும் வரிசையாகக் கையொப்பமிட்டிருந்தார்கள். படித்துப் பார்த்தார்களோ என்னவோ. சுற்றறிக்கை எல்லாத் துறைக்கும் போயிருந்தது. எல்லாத் துறையும் அடையாளம் கண்டது. உதவியைத்தான் காணோம்.

அவள் அதோடு விடவில்லை. எட்டு வருடக் கோப்புகளையும் புரட்டினாள். வேதியியலுக்கு வருடத்துக்கு ஒருவர் இருவர்தான் மாறி வந்திருந்தார்கள். அதில் மூன்று பேர் 'வருகை போதாது' என்று ஒரு வருடம் பின்தள்ளப்பட்டிருந்தார்கள். மூன்றுக்கும் காரணக் கட்டத்தை நிரப்பியவள் அவளே. ஒருவனை அவளுக்கு ஞாபகம் இருந்தது. ஜன்னலில் நின்று ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். "காரணம் சொல்லாதப்பா, ஒழுங்கா வகுப்புக்குப் போ" என்று இவள் அறிவுரை சொல்லி அனுப்பினாள். காலிக் கட்டம் மட்டும்தான் அநியாயம் என்று இத்தனை நாள் நினைத்திருந்தாள். பொய்யால் நிரப்பிய கட்டம் இன்னும் மோசம். அதை யாரும் மறுபடி திறந்து பார்ப்பதில்லை.

கோப்போடு திரும்பி வந்தவளின் முகத்தைப் பார்த்து மூன்றாம் ஜன்னல்காரர் எட்டிப் பார்த்தார். விஷயம் புரிந்ததும் குரலைத் தாழ்த்தினார்.

"விடுங்கக்கா. எட்டு வருஷத்துக்கு முந்தின பேப்பர். எலி தின்னுடுச்சுன்னு சொன்னா முடிஞ்சது."

"எலி மேல ஏன் பழி? அதுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது."

"பதவி உயர்வு லிஸ்ட்ல உங்க பேரு இருக்கு. வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருங்க."

அவள் கோப்பை இடுக்கிக்கொண்டு சைக்கிள் நிறுத்தும் இடத்துக்குப் போனாள். செவ்வாய் மதியமும் செய்முறை வகுப்பு உண்டு. பெண் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். அன்று யாரும் விடுப்புப் போடவில்லை போலிருக்கிறது. மடித்த வெள்ளைக் கோட்டு மடியில் இருந்தது.

"உன் எண்ணுக்கு லேப்ல பெஞ்சே இல்லைன்னு ஏம்மா சொல்லலை?"

"யார்கிட்ட சொல்றது?"

"என்கிட்ட. அதுக்குத்தானே நான் இருக்கேன்."

பெண் முதல் தடவையாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு நன்றாக இல்லை. "அந்த எண்ணைக் குடுத்ததே நீங்கதான். கூட்டத்துல எங்களைப் பொறுக்கி எடுக்கத்தானே அது? வந்த அன்னைக்கே ஏழு பேரும் பேசிக்கிட்டோம். நீங்களும் எங்களை நம்பர் சொல்லித்தான் கூப்பிடறீங்க. இருக்கறதே பதினோரு பேர்தான்!"

பூதக்கண்ணாடி பக்கத்துப் படியில் உட்கார்ந்தாள். முழங்கால் சடக்கென்றது.

"பழைய காலேஜ்லயும் ஒரு மேடம் இருந்தாங்க" என்றாள் பெண். "'உங்களுக்கு உதவத்தான்'னு சொல்லி எங்க ரெக்கார்டு நோட்டு, சர்டிஃபிகேட் எல்லாம் வாங்கி வெச்சாங்க. ஒரு நாள் போனா கேட்டுல பூட்டு. சர்டிஃபிகேட் வாங்க நாலு மாசம். நோட்டு வரவே இல்லை. அதனால இனிமே எதையும் யார் கையிலயும் குடுக்கறதில்லை."

பையில் இருந்தது அதுதான். ஏழு பேருடைய ரெக்கார்டு நோட்டுகளையும் அவளே சுமந்துகொண்டு திரிந்தாள். கூடவே ஒரு சின்ன நோட்டு: எந்தத் தேதி, யார், எந்தப் பெஞ்சு, என்ன பரிசோதனை, எந்த நாள் வெளியே நின்றார்கள். எல்லாவற்றையும் பென்சிலில் அல்ல, மையால் எழுதியிருந்தாள்.

"ரெக்கார்டுல ஒவ்வொரு வாரமும் பேராசிரியர் கையெழுத்து வாங்கினீங்களா?"

"தேதியோட. அவர் நோட்டைத்தான் பார்ப்பாரு, எங்களைப் பார்க்க மாட்டாரு."

"அதைக் குடு. வெள்ளிக்கிழமை கமிட்டியில வைக்கறேன்."

"உங்ககிட்ட குடுத்தா அது கமிட்டிக்குப் போகும்னு எனக்கு எப்படித் தெரியும்?"

நியாயமான கேள்வி. இருபத்திரண்டு வருடமாக ஜன்னலுக்கு இந்தப் பக்கம் இருந்துகொண்டு அவள் எல்லோரையும் கேட்ட கேள்வி, இப்போது அந்தப் பக்கத்திலிருந்து வந்தது. 'என்னை நம்பு' என்று சொல்ல வாய் வந்தது. அப்படிச் சொல்கிறவர்களை அவளே நம்பியதில்லை. இடுக்கியிருந்த கோப்பைத் திறந்து பெண்ணின் மடியில் வைத்தாள்.

"இதைப் படி. எட்டு வருஷத்துக்கு முன்னாடி நான் எழுதினது. இதாலதான் உங்களுக்குப் பெஞ்சு இல்லாம போச்சு. போன்ல படம் எடுத்துக்கோ. கையெழுத்துத் தெளிவா வரட்டும். வெள்ளிக்கிழமை நான் மாத்திப் பேசினா, இதைக் கொண்டுபோய் எங்கே வேணா காட்டு. வேலைக்கே உலை வைக்கலாம்."

பெண் படித்தாள். நிதானமாக மறுபடி படித்தாள். நான்கு படம் எடுத்தாள். மங்கலாக இருந்த ஒன்றை அழித்துவிட்டு மறுபடி எடுத்தாள். "நோட்டு ஏழையும் தர மாட்டேன்" என்றாள் கடைசியில். "கமிட்டி ரூம் வாசல்ல நானே நிப்பேன். கூப்பிட்டா எடுத்துட்டு வரேன்."

"அதுதான் சரி" என்றாள் பூதக்கண்ணாடி. உள்ளூர அவளுக்கு அந்தப் பெண்ணைப் பிடித்துப்போனது அந்த நொடியில்தான். "உன் பேர் என்னம்மா?"

"ஃபைல்ல இருக்கும்" என்றாள் பெண். பிறகு, போனால் போகிறதென்று, பெயரையும் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை நீள மேசையைச் சுற்றி ஆறு பேர், செய்முறை வகுப்பு எடுக்கும் பேராசிரியரும் அதில் ஒருவர். பூதக்கண்ணாடி தன் குறிப்பை வாசித்தாள். வேதியியல் தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அவங்க வாயைத் திறந்து சொல்லியிருக்கணுமில்ல? சொல்லலைன்னா அது அவங்க தலையெழுத்து."

"தலையில எழுதினது யாருன்னு இந்த ஃபைல்ல இருக்கு சார். முதல் கையெழுத்து என்னோடது. மூணாவது உங்களோடது."

தலைவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்தக் கையெழுத்தைப் பார்த்தார். பெண்ணை உள்ளே கூப்பிட்டார்கள். அவள் ஏழு நோட்டுகளையும் மேசையில் அடுக்கி, ஒரு கையை அடுக்கின் மேல் வைத்தபடியே நின்றாள். அவர்கள் ஒவ்வொன்றாகத்தான் பார்க்க முடிந்தது. ஒன்று அவள் கைக்குத் திரும்பி வந்த பிறகுதான் அடுத்தது போயிற்று. ஒவ்வொரு பக்கத்திலும் பேராசிரியர் தன் கையெழுத்தைத் தானே சந்தித்தார். முப்பத்தொன்றாம் பெஞ்சின் வருகையையும் கைப்பந்து அறிவிப்பின் தேதியையும் பூதக்கண்ணாடி அருகருகே வைத்தாள்.

தலைமை தாங்கியவர் நல்ல மாதிரிதான், சண்டை பிடிக்காதவர். "சரி, பசங்க எழுதட்டும். வெளியே நின்ன நாளையும் வருகையா எடுத்துக்கலாம். ஆனா காரணம்ங்கற இடத்துல இவ்வளவு விவரம் எதுக்கும்மா? 'தொழில்நுட்பக் கோளாறு'ன்னு போட்டா போதுமே. உங்களுக்கும் நல்லது."

"கோளாறு தானா முளைக்காது சார். அப்படி எழுதினா அடுத்த வருஷமும் இதே எண்தான் போகும், இதே சுவர்தான் இருக்கும். ஏற்கெனவே மூணு பேர் ஒரு வருஷம் இழந்திருக்காங்க. அவங்க கோப்பையும் திறக்கணும்."

"உங்க மேல நடவடிக்கை வரும்."

"வரட்டும். அதுலயும் காரணக் கட்டம் இருக்குமில்ல, நிரப்பித் தாங்க."

அன்று மாலையே விளக்கம் கேட்டு ஒரு மெமோ வந்தது. பதவி உயர்வுப் பட்டியலிலிருந்து அவள் பெயர் போயிற்று; காரணம் என்ற கட்டத்தில் முழுதாக நான்கு வரி எழுதியிருந்தார்கள். அதைப் படித்துவிட்டு அவள் கணவன், "பரவாயில்லையே, உன்னை மாதிரியே எழுதியிருக்கான்" என்றான். அவளுக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. இரண்டில் எது முந்தியது என்று அவள் துருவிப் பார்க்கவில்லை.

சனிக்கிழமை காலை, ஏழு பேருக்குமான தேர்வு அனுமதி உத்தரவை வாங்கப் பெண் நான்காம் ஜன்னலுக்கு வந்தாள். வாங்கியவள் நகரவில்லை. அங்கேயே நின்று வரிவரியாகப் படித்தாள். பின்னால் வரிசை நீண்டது.

"வீட்ல போய்ப் படியேம்மா!" என்றான் ஒருவன்.

"நின்னு படிக்கட்டும்" என்றாள் பூதக்கண்ணாடி.

பெண் தாளைத் திருப்பி, ஜன்னலுக்குள் நீட்டினாள். விரல் ஒரு இடத்தில் அழுத்தியிருந்தது.

"ரெண்டாவது வரி மேடம். 909 ரெண்டு தடவை வந்திருக்கு. 906 இல்லை. இப்படியே போனா திங்கட்கிழமை அவனை ஹால் வாசல்லயே நிறுத்திடுவாங்க."

பூதக்கண்ணாடி வாங்கிப் பார்த்தாள். அவளே தட்டச்சு செய்து, அவளே சரிபார்த்து, அவளே கையொப்பம் வாங்கிய தாள். இழுப்பறையைத் திறந்து கண்ணாடியை எடுத்துப் பார்த்தாள். எத்தனை பெரிதாக்கினாலும் அது 909 ஆகவேதான் இருந்தது.

"இரு, மாத்தித் தரேன்" என்று எழுந்தாள். "மத்த வரியையும் அதுக்குள்ள பார்த்து வெச்சுடு."

"பார்த்துட்டேன்" என்றாள் பெண். "மறுபடியும் ஒரு தடவை பார்க்கறேன்."